ப்ளூஸ், ஜாஸ், காஸ்பெல்: எந்த ஆல்பத்தில் தொடங்குவது? முழுசாகக் கேட்கணுமா, பிரபலமான பாட்டுகள் போதுமா?

முழுசாகக் கேளுங்கள். தொடங்க ஒன்றே ஒன்று சொல்வேன்: அமெரிக்கப் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளினின் 'அமேசிங் கிரேஸ்', 1972.

செயலியில் யாரோ கோத்து வைத்த பட்டியலை ஓடவிட்டு, ஒன்றும் மனசில் நிற்காமல் போய்த்தான் இங்கே கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் உங்கள் குறை எதுவும் இல்லை. இருபது பேர் பாட்டைத் துண்டு துண்டாகக் கேட்டால் யாருடைய குரலும் பழகாது.

ஜாஸ் தெரிந்தவர்கள் இந்தப் பதிலைப் பார்த்து, காஸ்பெலில், அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் சர்ச் பாட்டில், ஏன் தொடங்கச் சொல்கிறாய் என்பார்கள். நான் சர்ச் பாடகர் குழுவில் ஆல்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) பாடி வளர்ந்தவள், அதனால்தான் இந்தப் பக்கம் சாய்கிறேன் என்றும் சொல்லலாம். சொல்லட்டும். ஆனால் இந்த மூன்றையும் தனித்தனி அறையில் பூட்டி வைக்க முடியாது. 'பிரெஷியஸ் லார்ட்' என்ற காஸ்பெல் பாட்டை எழுதிய தாமஸ் டோர்சி, அதற்கு முன் ப்ளூஸ் பாடகி மா ரெய்னிக்குப் பியானோ வாசித்த ப்ளூஸ்காரர். 1932-இல் பிரசவத்தில் மனைவியும், அடுத்து குழந்தையும் போன துக்கத்தில் எழுதிய பாட்டு அது. இந்த ஆல்பத்தில் அரீத்தா அதை 'யூ ஹேவ் காட் எ ஃபிரெண்ட்' என்ற பாப் பாட்டோடு பின்னிப் பாடுகிறார். டிரம்ஸில் பெர்னார்ட் பர்டி, பேஸ் கிட்டாரில் சக் ரெய்னி. இரண்டு பேரும் ஸ்டூடியோக்களில் சோல் இசையும் ஜாஸும் வாசித்துத் தேர்ந்த கைகள்.

பதிவு நடந்தது 1972 ஜனவரி 13, 14 இரவுகளில், லாஸ் ஏஞ்சலஸ் வாட்ஸ் பகுதியில் உள்ள நியூ டெம்பிள் மிஷனரி பாப்டிஸ்ட் சர்ச்சில். அரீத்தாவுக்கு அப்போது 29 வயது. பியானோவில் போதகர் ஜேம்ஸ் கிளீவ்லண்ட். பின்னால் சதர்ன் கலிபோர்னியா கம்யூனிட்டி கொயர் என்ற பாடகர் குழு, அதை நடத்தியவர் அலெக்சாண்டர் ஹாமில்டன். எதிரே ஜனங்கள், அவர்களும் பாதி பாடகர்கள்தான்.

என் கதைக்கு வருகிறேன். இதன் சிடியை அத்தை மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தான். பாளையங்கோட்டைப் பக்கம் நான் அப்போது இருந்த சபையில், கிறிஸ்துமஸ் பாட்டு பிராக்டீஸ் முடிந்ததும் எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன். 'அமேசிங் கிரேஸ்' எங்களுக்கு மனப்பாடம். ஆங்கில ஆராதனையில் நாலு சரணத்தையும் தாளம் பிசகாமல் சுருக்கமாக முடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவோம். இந்த அம்மா அதே பாட்டைப் பத்து நிமிடத்துக்கு மேல் பாடுகிறார். ஒரு சொல்லைப் பிடித்தால் அதிலேயே நின்று, இழுத்து, ஏறி, இறங்கி, பிறகுதான் அடுத்த சொல். கொயர் மாஸ்டர் பாதியிலேயே நிறுத்தச் சொன்னார். "இது ஆராதனையா, கச்சேரியா? பிள்ளைகளுக்கு இதையெல்லாம் பழக்காதம்மா" என்றார்.

அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். முதல் பாட்டான 'மேரி டோன்ட் யூ வீப்'பைக் கேளுங்கள். முதலில் கொயர் மெதுவாக, அடங்கிய குரலில் அசைந்துகொண்டே இருக்கும். பிறகு, செத்துப்போன லாசருவை இயேசு எழுப்பிய கதை வரும். யோவான் 11-ஆம் அதிகாரத்தில் "லாசருவே, வெளியே வா" என்று இயேசு ஒரு முறைதான் கூப்பிடுகிறார். அரீத்தா மூன்று முறை கூப்பிடுவார், ஒவ்வொன்றும் வேறு குரல். அவர் அப்பா சி. எல். ஃபிராங்க்ளின் பேர்போன பிரசங்கியார், அந்த வித்தை மகள் தொண்டையில் இறங்கியிருக்கிறது. எங்கள் குழுவில் பேஸ் பாடும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், மாஸ்டர் போன பிறகு அந்த இடத்தைத் திரும்பப் போடச் சொன்னார். "வேதத்தை வாசிச்சவதான் இப்படிப் பாட முடியும்" என்றார். எனக்கு அது போதும்.

சபை ஒழுங்கை மாற்றச் சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். எங்கள் சபைப் பாட்டுகளான பாமாலையை உள்ளபடி பாடுவதில் எனக்கும் பிரியம் உண்டு. ஆனால் ஆராதனை கெடுகிறது என்று கவலைப்படுகிறவர்கள், இப்போது பல இடங்களில் கீபோர்டில் பட்டனைத் தட்டி ஒரே ரிதத்தை எல்லாப் பாட்டுக்கும் ஓடவிடுவதை ஏன் கேட்பதில்லை? துக்கப் பாட்டுக்கும் அதே தாளம். மிக்சரில் உட்கார்ந்திருக்கிற தம்பி லீட் பாடுகிறவர் மைக்கை மட்டும் ஏற்றிவிடுகிறான். ஆல்டோ, டெனர் பாடுகிறவர்கள் வாரம் தவறாமல் வந்து பழகுவது யார் காதுக்கு? இந்த ஆல்பத்தில் கொயர் எப்படிக் கேட்கிறது என்று பாருங்கள்! அவர்கள் துணைக்கு நிற்கவில்லை, அரீத்தாவோடு பேசுகிறார்கள்.

சரி, உங்கள் கேள்வி. முதலில் 1972-இல் வந்த இரட்டை இசைத்தட்டின் பாட்டு வரிசையிலேயே கேளுங்கள். பிடித்தால், இரண்டு இரவுகளையும் நடந்தபடியே முழுதாகத் தரும் 1999 பதிப்புக்குப் போங்கள். அந்த இரவுகளை இயக்குநர் சிட்னி போலக் எடுத்த படமும் இருக்கிறது. ஒலியையும் படத்தையும் பொருத்த உதவும் கிளாப் போர்டு இல்லாமல் எடுத்ததால் இரண்டும் சேராமல் கிடந்து, 2018-இல்தான் திரைக்கு வந்தது. கிளீவ்லண்ட் முகத்தை மூடிக்கொண்டு அழுவதை அதில் பார்க்கலாம்.

அடுத்து ப்ளூஸுக்கு, பாடகரும் கிட்டார் கலைஞருமான பி. பி. கிங்கின் 'லைவ் அட் தி ரீகல்', 1964 நவம்பரில் சிகாகோவில் பதிவானது. கிட்டார் ஒரு வரி, ஜனங்கள் ஒரு கூச்சல் என்று போகும். சர்ச்சில் கேட்ட அதே பதிலுக்குப் பதில். ஜாஸுக்கு, டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ', 1959. பாட்டுக் குரலே இல்லாததால் முதல் தடவை ஒட்டாமல் போகலாம். அதனால்தான் கடைசியில் வைக்கிறேன். மூன்றையும் ஷஃபிள் பட்டனை அணைத்துவிட்டுப் போடுங்கள்.