கல்லூரி அணியில் நீந்தினால் அமெரிக்காவில் மெடிக்கல் சீட் கிடைப்பது எளிதாகுமா?

மகள் டிவிஷன் ஒன் (கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவு) அணியில் நீந்துகிறாள், மெடிக்கல் சீட்டுக்காகத் தொடரலாமா விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சீட்டுக்காக மட்டும் என்றால் வேண்டாம். இளங்கலையில் சேரும்போது கோச்சின் சிபாரிசு எடுபட்டிருக்கும். இளங்கலை முடித்த பிறகு சேரும் மருத்துவக் கல்லூரிக்கு அணியும் இல்லை, ஆள் பிடிக்கும் கோச்சும் இல்லை. ஃபுளோரிடா ஸ்டேட்டில் ஃபுட்பால் ஆடி நரம்பியல் அறுவை மருத்துவரான மைரன் ரோலை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள்; அவர் ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கத் தரும் பெருமைமிக்க ரோட்ஸ் உதவித்தொகை பெற்றவர் என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள். சேர்பவர்களின் சராசரி ஜிபிஏ (4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) 3.7-க்கு மேல், எம்கேட் என்ற நுழைவுத் தேர்வில் 511-ஐ ஒட்டி. விளையாடினாள் என்பதற்காக இதில் பெரிதாக விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளுக்குப் பொதுவான ஆம்காஸ் விண்ணப்பத்தில் செயல்பாடுகளுக்கு 15 இடம், ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்து. மூன்றை மட்டும் மிக முக்கியமானவை என்று குறித்து, மேலும் 1,325 எழுத்து எழுதலாம். நீச்சல் அந்த மூன்றில் ஒன்றாக இருக்கட்டும். பலர் சொதப்புவது இங்கேதான்: பதக்கப் பட்டியல் போடுவார்கள். 100 யார்டு பட்டர்ஃபிளையை எத்தனை விநாடியில் முடித்தாள் என்பது படிக்கும் பேராசிரியருக்கு ஒன்றும் சொல்லாது. தோள் வலியால் ஒரு சீசன் வெளியே உட்கார்ந்திருந்தால், அந்த மாதங்களில் அணிக்கு என்ன செய்தாள் என்பதை எழுதட்டும்.

உண்மையான விலை நேரம். சீசனில் வாரம் 20 மணி என்பது கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் வரம்பு. ஆனால் போட்டி நாள் முழுவதையும் 3 மணியாகத்தான் கணக்கிடுவார்கள். பயணம் கணக்கிலேயே வராது. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி லேப் பெரும்பாலும் மதியம், பயிற்சியும் மதியம். விளையாட்டு வீரர்களுக்குப் பல கல்லூரிகள் தரும் முன்பதிவுச் சலுகையைப் பயன்படுத்திக் காலை லேபைப் பிடிக்க வேண்டும். ஆர்கானிக்கையும் பிசிக்ஸையும் ஒரே செமஸ்டரில் போட வேண்டாம். கோடையில் ஒரு பாடம் முடிக்கலாம். அறிவியல் பாடங்கள் மொத்தத்தையும் கம்யூனிட்டி காலேஜுக்கு (இரண்டாண்டு உள்ளூர்க் கல்லூரி) தள்ளினால் சில இடங்களில் புருவம் உயரும்.

நோயாளிகளோடு பழகிய அனுபவத்துக்கு நீச்சல் ஈடாகாது. சீசன் இல்லாத மாதங்களில் வாரம் ஒரு அரைநாள் மருத்துவமனையில் தன்னார்வப் பணி வேண்டும். சிபாரிசுக் கடிதங்களும் அப்படித்தான்: கோச் கடிதம் கூடுதல் பலம், அறிவியல் பேராசிரியர் கடிதத்துக்கு மாற்று இல்லை. வெளியூர்ப் போட்டிகளால் வகுப்பு தவறுபவளின் முகம் பேராசிரியருக்குத் தெரியாது; ஆபீஸ் ஹவர்ஸுக்கு (பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் நேரம்) முதல் மாதமே போகச் சொல்லுங்கள்.

மூன்றாம் வருஷம் மார்ச்சில் சாம்பியன்ஷிப், உடனே எம்கேட், மே கடைசியில் விண்ணப்பம் என்று நெருக்கிப் போட்டால் மூன்றில் ஒன்று அடிவாங்கும். நான்காம் வருஷ சீசன் முடிந்து விண்ணப்பித்து, இடையில் ஒரு வருஷம் ஸ்கிரைபாக (மருத்துவருக்குக் குறிப்பு எழுதும் உதவியாளர்) வேலை பார்ப்பதே நல்லது. அங்கே இது சாதாரணம். யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டாம் வருஷ முடிவில் அறிவியல் ஜிபிஏ 3.5-க்குக் கீழே சரிந்துகொண்டே போனால் அணியை விடலாம். இரண்டு வருஷம் நீந்தியதையும் விண்ணப்பத்தில் போடலாம், வீணாகாது.