கணவருக்குத் தெரியாமல் ஊசி போடலாமா?

கேள்வி: என் மகனுக்கு ஒரு வயது நான்கு மாதம். பிறந்தவுடன் போடும் ஊசிகளும் பெண்டா (ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசி) இரண்டு தவணையும் போட்டிருக்கிறோம். இரண்டாவது தவணைக்கு இரண்டு நாள் காய்ச்சல், தொடை வீங்கி இரவெல்லாம் அழுதான். அன்றிலிருந்து கணவர் ‘இனி ஊசியே கிடையாது’ என்கிறார். ஏதோ மரபு வாழ்வியல் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார். தட்டம்மை ஊசி போட்டால் ஆட்டிசம் வரும் என்று தினமும் ஒரு வீடியோ காட்டுகிறார். மாமியாரோ, ‘எங்க காலத்துல ஏது ஊசி? அம்மை போட்டா வேப்பிலை கட்டி, மூணு தண்ணி ஊத்துவோம்’ என்கிறார். நாத்தனார் இரண்டு மாத கர்ப்பம், மசக்கைக்கு எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். யாருக்கும் தெரியாமல் போய்ப் போட்டுவிட்டு வந்துவிடலாமா?
– பெயர் வேண்டாம், திருப்பூர் மாவட்டம்.

பதில்: ஊசியைக் கட்டாயம் போடுங்கள். தெரியாமல் மட்டும் போடாதீர்கள்.

தர்ம நியாயம் பார்த்துச் சொல்லவில்லை. பெண்டா போட்டால் அன்று ராத்திரியே காய்ச்சல் வரலாம். தட்டம்மைக்கும் ரூபெல்லா என்ற இன்னொரு அம்மைக்கும் சேர்த்துப் போடும் தட்டம்மை–ரூபெல்லா ஊசிக்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்துச் சில குழந்தைகளுக்கு உடம்பு சுடும், லேசாகத் தடிக்கும். அப்போது என்ன சொல்லிச் சமாளிப்பீர்கள்? மாட்டிக்கொண்டால், பிறகு பிள்ளைக்குச் சளி பிடித்தாலும் ‘நீ போட்ட ஊசியால்தான்’ என்றாகிவிடும். அடுத்த தவணைக்கு வாசலைத் தாண்ட முடியாது.

உங்கள் கணவருக்கு வாட்ஸ்அப் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது அந்த இரண்டு ராத்திரி. பிள்ளை துடித்ததைப் பார்த்த தகப்பனிடம் ‘உங்களுக்கு ஒன்றும் தெரியாது’ என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. காய்ச்சல் ஏன் வந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள். அரசு பெண்டா ஊசியில் கக்குவான் இருமலுக்கான பகுதி, செயலிழக்க வைத்த முழுக் கிருமியால் ஆனது. உடம்பு அதை எதிர்ப்பதில் காய்ச்சலும் வீக்கமும் வருவது சகஜம், இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். வலிப்போ, மூச்சுத்திணறலோ, நினைவு தப்பியதோ நடந்திருந்தால் கதை வேறு, அதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதில் அப்படி எதுவும் இல்லை. காய்ச்சல்தான் பயம் என்றால், தனியாரில் ‘பெயின்லெஸ்’ என்று போடும் ஊசியில் அது குறைவு. காசு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

ஆட்டிசம் கதைக்கு வயது இருபத்தைந்துக்கு மேல். 1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் மருத்துவர் ‘லான்செட்’ மருத்துவ இதழில் 12 குழந்தைகளை வைத்து, தட்டம்மை சேர்ந்த ஊசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்டு ஒரு கட்டுரை எழுதினார். அதில் நேர்மைக்கேடு இருந்தது வெளிப்பட்டு, 2010-ல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. அவருடைய மருத்துவப் பதிவும் போனது. 2019-ல் டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளுக்கு மேல் பார்த்ததில், ஊசி போட்டவர்களுக்கு ஆட்டிசம் கூடுதலாக வரவில்லை. ஆட்டிச அறிகுறிகள் பெற்றோர் கண்ணில் படுகிற வயதும் இந்த ஊசி போடுகிற வயதும் ஒன்றாக இருப்பதுதான் பலரையும் குழப்புகிறது.

அந்தக் குழுவில் திருவள்ளூர் செய்தியும் வரலாம். அதைப் பொய் என்று சொல்லிவிடாதீர்கள். 2008 ஏப்ரலில் தட்டம்மை ஊசி போட்ட அன்றே நான்கு குழந்தைகள் இறந்தது நடந்த விஷயம். மருந்து கலக்கும்போது தவறு நேர்ந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. அதன்பின் ஊர் ஊராகப் போய்ப் போடுவதை விட்டு, டாக்டர் இருக்கும் சுகாதார நிலையத்துக்கு வந்தால்தான் ஊசி என்று மாற்றினார்கள். பாதுகாப்புக்காகச் செய்ததுதான். ஆனால் கூலி வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி வர எத்தனை பேரால் முடியும்? தேசிய குடும்பநல ஆய்வுப்படி, எல்லா ஊசியும் முடித்த குழந்தைகள் தமிழ்நாட்டில் 2005–06-ல் நூற்றுக்கு 81 பேர், 2015–16-ல் 70 பேர்தான். 2017-ல் தட்டம்மை–ரூபெல்லா முகாம் வந்தபோது வதந்தி வேறு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பரவி, பிப்ரவரியில் முடிய வேண்டிய முகாம் மார்ச்சுக்கும் நீண்டது. 2019–21-ல்தான் எண்ணிக்கை 89-க்கு ஏறியது. மீதிப் பிள்ளைகள் எல்லாரும் மறுத்தவர்களின் பிள்ளைகள் இல்லை. உங்கள் மகன் அந்த மீதியில் இருக்கிறான்.

‘என்ன போடுறாங்கன்னே தெரியாது’ என்று கணவர் சொன்னால், அவரை நேரில் கூட்டிப்போய்க் காட்டுவதுதான் நல்லது. புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சம்மாவிடம் மருந்துக் குப்பியைக் காட்டச் சொல்லுங்கள். அதில் சின்ன ஊதா வட்டம், நடுவில் வெளிறிய சதுரம் இருக்கும். மருந்து சூடு பட்டுக் கெட்டால் சதுரமும் வட்டத்தைப் போலக் கறுத்துவிடும், அதைப் போடமாட்டார்கள். தட்டம்மை–ரூபெல்லா மருந்து தூளாக வரும், கலக்கிய நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். ‘எத்தனை மணிக்குக் கலக்கினீங்க?’ என்று அவரே கேட்கட்டும். கேட்டால் தப்பில்லை. சிரிஞ்சும் ஒரு தடவை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், மறுபடி இழுக்க முடியாது. போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைப்பார்கள். ‘வர்ற புதன்கிழமை போறேன், நீங்களும் வாங்க, டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க’ என்று சொல்லிப் பாருங்கள்.

மாமியாரிடம் ஆட்டிசம், டென்மார்க் எல்லாம் வேண்டாம். அவருடைய அம்மா பெற்றது எத்தனை, தங்கியது எத்தனை என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் நாத்தனார் விஷயத்தைச் சொல்லுங்கள். எதிர்ப்புச் சக்தி இல்லாத பெண்ணுக்குக் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் ரூபெல்லா தொற்றினால், வயிற்றுப் பிள்ளைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு வரலாம். வீட்டுக்குள் அதைக் கொண்டுவருவது பெரும்பாலும் ஊசி போடாத ஒரு சின்னப் பிள்ளைதான், அதற்கு லேசாகத் தடித்துவிட்டுப் போய்விடும். பையனுக்கு ஊசி போட்டால் நாத்தனாருக்கு ஆபத்து இல்லை, போடாவிட்டால்தான் உண்டு. மகள் வயிற்றுப் பேரன் என்றால் மாமியாரே உங்கள் கணவரிடம் பேசுவார்.

இத்தனைக்கும் கணவர் அசையவில்லையா? சொல்லிவிட்டுப் போங்கள். அனுமதி கேட்கும் தொனி வேண்டாம், தகவலாகச் சொன்னால் போதும். நீங்கள் தாய், உங்கள் சம்மதமே போதும். சண்டை வரும். நான்கு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஆனால் தட்டம்மை வந்தவர் ஒருவர், எதிர்ப்புச் சக்தி இல்லாத பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்கு அதைத் தரக்கூடியவர். கணவர் மனசு மாறட்டும் என்று மாசக்கணக்கில் காத்திருக்க முடியாது.

விட்டுப்போனதை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். பெண்டா மூன்றாவதையும் தட்டம்மை–ரூபெல்லா முதல் தவணையையும் ஒரே நாளில் உடம்பில் வெவ்வேறு இடத்தில் போடலாம், தட்டம்மை–ரூபெல்லா இரண்டாவது தவணை ஒரு மாதம் கழித்து. லேசான சளி இருந்தாலும் போகலாம். காய்ச்சலுக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால் அளவை அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ஊசி போட்ட இடத்தில் எதையும் தேய்க்க வேண்டாம். தடுப்பூசி அட்டையைக் கோபத்தில் யாராவது எடுத்து ஒளித்து வைத்திருந்தாலும் பரவாயில்லை, நர்சம்மாவின் பதிவேட்டில் எல்லாம் இருக்கும்.