பித்தநீர் வடிந்த அந்த மூன்று நாட்கள்

கேள்வி: என் மனைவிக்கு 15 மாதங்களுக்கு முன்பு, ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பித்தப்பைக் கல்லுக்காக லேப்ராஸ்கோபி (துளை வழி) அறுவை சிகிச்சை நடந்தது. மறுநாளே, வயிற்றில் வைத்த வடிகுழாயின் (டிரெயின்) பையில் பச்சையும் மஞ்சளுமாக நீர் வடிந்தது. கேட்டதற்கு, 'உள்ளே கழுவிய தண்ணீர்தான்' என்றார்கள். மூன்றாம் நாள் குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஏழாம் நாள் கண் மஞ்சளாகி, காய்ச்சலும் வயிற்று வீக்கமும் வந்ததால் பெங்களூருக்குக் கொண்டு போனோம். கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீரைக் கொண்டுபோகும் பொதுப் பித்தக் குழாய் வெட்டுப்பட்டிருப்பதாகச் சொல்லி, பிறகு குடலோடு இணைத்துத் தைத்தார்கள். 'எது நேர்ந்தாலும் மருத்துவமனை பொறுப்பல்ல' என்ற தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். வழக்குத் தொடர முடியுமா?

– ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: முடியும். அந்தக் கையெழுத்து உங்களைத் தடுக்காது. அறுவை சிகிச்சைக்கும் அதில் இயல்பாக உள்ள ஆபத்துகளுக்கும் சம்மதம் தந்தீர்களே தவிர, கவனக்குறைவுக்குச் சம்மதம் தரவில்லை.

ஆனால் குழாய் வெட்டுப்பட்டது என்பதை மட்டும் நம்பி வழக்குப் போடாதீர்கள். துளை வழி அறுவையில் இந்தக் காயம் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு நேரக்கூடியது என்று மருத்துவ உலகமே ஒப்புக்கொள்கிறது. அழற்சியால் எல்லாம் ஒட்டிப்போயிருக்கும்போது, பொதுப் பித்தக் குழாய் பித்தப்பையின் சிறு குழாயைப் போலவே தோன்றும். அதனால்தான் கொழுப்பையும் சவ்வையும் விலக்கி, பித்தப்பைக்குள் ஒரு குழாயும் ஒரு ரத்தநாளமும் மட்டுமே நுழைவதைக் கண்ணால் உறுதிசெய்த பிறகே கிளிப் போட்டு வெட்ட வேண்டும் என்பது நிலைபெற்ற முறை. தெளிவில்லை என்றால் வயிற்றைத் திறந்து செய்வது தோல்வியல்ல, நிதானம். இவற்றைச் செய்தாரா என்பதை அறுவைக் குறிப்பும், பதிவாகியிருந்தால் வீடியோவும்தான் சொல்லும்.

உங்கள் வழக்கின் உயிர், என் பார்வையில், அறுவைக்குப் பிந்தைய மூன்று நாட்களில் இருக்கிறது. டிரெயினில் எந்த நிறத்தில், எத்தனை மில்லி வடிந்தது என்பதைச் செவிலியர்கள் கேஸ் ஷீட்டில் எழுதுவது வழக்கம். பித்தநீர் வடிகிறது என்று அதில் எழுதியிருந்தும், ஸ்கேன் எடுக்காமல், டிரெயின் குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தால், காயத்தைவிட அந்த அலட்சியமே பெரிய குற்றச்சாட்டு. நேரத்தோடு கண்டறிந்து தேர்ந்த மருத்துவரிடம் அனுப்பியிருந்தால், உங்கள் மனைவிக்கு இத்தனை வேதனை மிஞ்சியிருக்காது.

ஆகவே, இந்த வாரமே முழு மருத்துவப் பதிவுகளையும் கேட்டு ஒப்புகைச் சீட்டுடன் பதிவுத் தபால் அனுப்புங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உள்நோயாளிகளின் பதிவுகளை, சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்கவும் வேண்டும். மறுத்தால் அந்த மறுப்பும் உங்களுக்குச் சாட்சியே.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும் என்பதால் 9 மாதங்களே மீதமிருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். சிகிச்சை ஓசூரில் நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் தர்மபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். மருத்துவமனைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் ஆணையத்துக்குக் கட்டணமில்லை. உங்கள் மனைவியே புகார்தாரராக இருப்பது நல்லது. வருமானம் எவ்வளவு இருந்தாலும், பெண் என்ற வகையில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞரைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு.

கோபத்தில் காவல் நிலையத்துக்கு ஓட வேண்டாம். மருத்துவர் மீது குற்ற வழக்கு நிற்க மிகக் கடுமையான கவனக்குறைவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என்று 2010இல் அதே நீதிமன்றம் கூறியிருந்தாலும், இந்த அறுவையின் நுட்பத்தைப் பேச ஒரு நிபுணர் கருத்து தேவைப்படும். பெங்களூரு மருத்துவரைச் சக மருத்துவருக்கு எதிராகப் பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். குழாய் எந்த இடத்தில் அறுபட்டிருந்தது, கிளிப் எதன் மேல் இருந்தது, வயிற்றில் எவ்வளவு பித்தநீர் தேங்கியிருந்தது என்பதை அவர் தம் அறுவைக் குறிப்பில் அன்றே எழுதியிருப்பார். அதன் நகலை முதலில் வாங்குங்கள்.