ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு நிமிஷம்

வண்டியும் வழக்கும்: வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர்களின் பதில்கள்

கேள்வி: துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏற்றும் டிரெய்லர் ஓட்டுகிறேன். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையிலிருந்து இடதுபக்கம் திரும்பும்போது ஒரு பைக் வந்து உரசி, ஓட்டியவருக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது. 281, 125 பிரிவுகளில் கேஸ். “ஒப்புக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டுப் போப்பா, எதுக்கு வாய்தா வாய்தாவா அலையறே” என்கிறார்கள். அப்படியே செய்துவிடலாமா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: கூடாது. இப்படிச் சொல்கிறவர்களுக்கு உங்கள் லைசன்ஸைப் பற்றிக் கவலை இல்லை. பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 281 என்பது அஜாக்கிரதையாக வண்டி ஓட்டியதற்கான பிரிவு. அதில் 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எலும்பு முறிவு என்றால் 125(பி) சேரும். அதில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றால், மேல்முறையீட்டில் தண்டனையின் அளவையும் அது சட்டப்படி சரியா என்பதையும் பற்றி மட்டுமே பேச முடியும். அடிபட்டவர் நஷ்டஈடு கேட்டு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகும்போது நீங்கள் ஒப்புக்கொண்ட காகிதத்தை உங்களுக்கு எதிராகவே காட்டுவார்கள். ஹெவி லைசன்ஸை நம்பிப் பிழைப்பவருக்கு 1,000 ரூபாயோடு முடிகிற விஷயம் இல்லை இது.

முதல் வாய்தாவிலேயே குற்றப்பத்திரிகையோடு உள்ள எல்லா நகல்களையும் கேட்டு வாங்குங்கள். எப்.ஐ.ஆர்., பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதியது), மாதிரி வரைபடம், சாட்சிகளின் வாக்குமூலம், காயச் சான்று, மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை எல்லாம் இலவசமாகத் தர வேண்டியவை. அவற்றில் முதலில் பார்க்க வேண்டியது ஆய்வாளர் அறிக்கை. “இயந்திரக் கோளாறால் விபத்து ஏற்படவில்லை” என்ற வரி ஏறக்குறைய எல்லா அறிக்கையிலும் இருக்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். சேதம் எங்கே என்பதுதான் முக்கியம். முன் பம்பரில் கீறலே இல்லை, இடது பின்சக்கரத்தில் மட்டும் உரசல் என்று எழுதியிருந்தால், பைக் பக்கவாட்டில் உள்ளே நுழைந்தது என்று வாதாட இடமிருக்கிறது. நீளமான டிரெய்லர் திரும்பும்போது பின்சக்கரங்கள் கேபின் போன வழியில் போகாமல் உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். இடது ஓரத்தில் நுழைகிற பைக்கை ஓட்டுநரால் கண்ணாடியில் பார்க்க முடியாத ஒரு பகுதியும் உண்டு.

அடுத்து வரைபடம். சாலையின் அகலம், மீடியனிலிருந்து தூரம், டயர் தேய்ந்த தடம், பைக் கிடந்த இடம் இதெல்லாம் அளவோடு இருக்கிறதா? அளவே இல்லாத படம் அரசுத் தரப்புக்குத்தான் பலவீனம். சாட்சியிடம் “எங்கே நின்றீர்கள், அங்கிருந்து இடது பக்கம் தெரிந்ததா” என்று குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். “அதிவேகமாக வந்தார்” என்று சொன்னால் மட்டும் போதாது. வெறும் வேகம் அஜாக்கிரதைக்குச் சான்றாகாது என்று 1998-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இவற்றையெல்லாம்விட அவசரமானது ஒன்று உண்டு. டிரெய்லரின் ஜி.பி.எஸ். பதிவு, துறைமுக கேட்டில் வெளியே வந்த நேரச் சீட்டு, சாலையோரக் கடையின் சி.சி.டி.வி. ஆகியவை உங்களுக்கு உதவலாம். கேமரா பதிவு சில நாளிலேயே அழிந்துபோகும். முதலாளியிடமும் கடைக்காரரிடமும் இன்றே எழுத்தில் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் அதை வரவழைக்கக் கோரி உங்கள் வக்கீல் கோர்ட்டில் மனு போடலாம். மின்னணுப் பதிவு எதுவானாலும் பாரதிய சாக்ஷ்ய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ன்படி சான்றிதழ் இல்லாமல் ஏற்கமாட்டார்கள்.

கேள்வி: பேசின் பிரிட்ஜ் அருகே இரவில் ஊதச் சொன்னார்கள், 38 காட்டியது. நான் இரண்டு பீர்தான் குடித்தேன். கேஸை எதிர்த்து நடத்தினால் ஜெயிக்குமா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். 38 என்பது அதிலிருந்து வெகுதூரம் இல்லை, ஆனாலும் வரம்பைத் தாண்டியதுதான். மோட்டார் வாகனச் சட்டம் 185-ன்படி முதல் முறை 10,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ. மறுபடி சிக்கினால் 15,000 ரூபாய், 2 ஆண்டு வரை சிறை. சாலையிலேயே சமரசக் கட்டணம் கட்டி முடிக்கக்கூடிய குற்றங்களின் பட்டியலில் 185 இல்லை. அதனால் ரோட்டில் யாராவது பணம் கேட்டால் அது அபராதம் ஆகாது.

கருவி கொடுத்த சீட்டைப் பாருங்கள். நேரம், கருவி எண், உங்கள் பெயர், கையெழுத்து எல்லாம் சரியா? குடித்த உடனேயோ மவுத்வாஷ் கொப்பளித்த உடனேயோ ஊதினால் வாயில் ஒட்டியிருக்கும் ஆல்கஹாலால் அளவு ஏறிக் காட்டும். சுமார் 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதினால் அது இறங்கிவிடும். மறுபரிசோதனை கேட்டு மறுத்தார்கள் என்றால் அது வாதத்துக்கு உதவும். கேட்கவே இல்லை என்றால் உதவாது. கருவிக்குக் கடைசியாக அளவுத்திருத்தம் எப்போது செய்தார்கள் என்ற சான்றிதழையும் கேட்கலாம். கைது செய்திருந்தால் 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் விடுவித்திருக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் மணிக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம் இறங்கும். தாமதமாக ரத்தம் எடுத்து 20 வந்தாலும் “ஓட்டியபோது அதிகமாக இருந்திருக்கும்” என்று அரசுத் தரப்பு சொல்லும்.

“சாராய வாடை அடித்தது, தள்ளாடினார்” என்பது மட்டுமே ஆதாரம் என்றால், அது போதாது என்ற 1971-ன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு உங்கள் பக்கம். ஆனால் சீட்டும் உங்கள் கையெழுத்தும் இருக்கும்போது வழக்கு கடினம். சீட்டில் குறை இல்லை, ஓட்டியதும் உண்மை என்றால் எதிர்த்து நடத்துவது பெரும்பாலும் அபராதத்தைவிடச் செலவு. ஒப்புக்கொண்டாலும் விஷயம் அத்தோடு முடியாது. லைசன்ஸை முடக்க ஆர்.டி.ஓ. விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பலாம். அதற்குப் பதில் எழுதுங்கள். உத்தரவு பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு.

கேள்வி: ஹெல்மெட் இல்லை என்று கோயம்பேட்டில் எடுத்த படத்தோடு இ-சலான் வந்திருக்கிறது. என் வண்டி அன்று கொருக்குப்பேட்டையை விட்டு நகரவே இல்லை!
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: 1,000 ரூபாய்தானே என்று கட்டிவிடாதீர்கள், கட்டினால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். மோட்டார் வாகனச் சட்டம் 194டி-யில் அபராதத்தோடு 3 மாதம் லைசன்ஸ் தகுதியிழப்பும் உண்டு. உங்கள் நம்பரைப் போட்டு இன்னொரு வண்டி ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். படத்தைப் பெரிதாக்கி மட்கார்டு, கண்ணாடி, ஸ்டிக்கர், நம்பர் எழுதிய விதம் ஆகியவற்றை உங்கள் வண்டியின் புகைப்படத்தோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் தெரிந்தால் ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) வாங்குங்கள். சலான் வழக்குகளை ஆன்லைனில் நடத்தும் மெய்நிகர் நீதிமன்றத் தளத்தில் அபராதம் கட்டுவதற்குப் பதில் வழக்கை எதிர்கொள்வதாகத் தேர்வு செய்தால், அது வழக்கமான கோர்ட்டுக்கு மாறும். அன்று வேலைக்குப் போன வருகைப் பதிவோ பார்க்கிங் சீட்டோ இருந்தால் எடுத்து வையுங்கள். அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்தை 6 மாதத்துக்குள் கோர்ட் விசாரணைக்கு எடுத்திருக்க வேண்டும், அந்தத் தேதியையும் சரிபாருங்கள்.

கேள்வி: பழைய முகவரிக்கு சம்மன் போய்விட்டது. இப்போது வாரண்ட் என்று காட்டுகிறது.
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: போலீஸ் வந்து கூட்டிப்போகும்வரை காத்திருக்க வேண்டாம். வழக்கு எண்ணை இ-கோர்ட்ஸ் தளத்தில் தேடி எந்தக் கோர்ட் என்று பாருங்கள். கோர்ட் நடக்கும் நாளில் காலையிலேயே வக்கீலோடு நேரில் போய் ஆஜராகி, வாரண்டை ரத்து செய்ய மனு கொடுங்கள். முகவரி மாறியதற்கான சான்றை இணையுங்கள். ஜாமீன்தாரர் கேட்கக்கூடும், ஒருவரைக் கூடவே அழைத்துச் செல்லுங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணை அழையுங்கள்.