கரடுமுரடான சாலையில் கேரவன்: உள்ளே இருப்பவை உடையாமல் காப்பது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் ஐந்து, ஜீப்பின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் கேரவன் டிரெய்லரைப் பற்றியவை. ஐந்தும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்தவை. ஒன்றுக்குச் சொல்லும் பதில் மற்றொன்றுக்கும் தேவைப்படுவதால், இந்த முறை பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, ஒற்றை அச்சுள்ள சிறிய கேரவன் டிரெய்லர் ஒன்றைப் பழையதாக வாங்கி, ஜீப்பில் மாட்டிக்கொண்டு குடும்பத்துடன் அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் சென்றோம். வழியில் உறவினர் தோட்டத்துக்காக ஆறு கிலோமீட்டர் மண்சாலையில் இறங்க வேண்டியிருந்தது. போய்ச் சேர்ந்து கதவைத் திறந்தபோது, பின்சுவரில் இருந்த அலமாரி திருகாணிகளோடு பிய்ந்து தரையில் கிடந்தது. பீங்கான் தட்டுகள் எல்லாம் நொறுங்கியிருந்தன. ஆனால் முன்பக்க இழுப்பறையில் இருந்த கண்ணாடி டம்ளர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜீப்புக்குள் எங்களுக்கு அவ்வளவு குலுக்கல் தெரியவே இல்லை. இது எப்படி நேர்ந்தது? – வாசகர், தேன்கனிக்கோட்டை.

பதில்: டம்ளர்கள் தப்பியதும் அலமாரி பிய்ந்ததும் ஒரே காரணத்தால்தான். டிரெய்லர் இரண்டு இடங்களில் தாங்கப்படுகிறது: ஒன்று ஜீப்பின் கொக்கி, மற்றொன்று அதன் சொந்தச் சக்கரங்கள். சக்கரம் ஒரு மேட்டில் ஏறும்போது வண்டி முழுவதும் ஒரே அளவில் உயர்வதில்லை. கொக்கியைக் கீலாகக் கொண்டு, பெட்டியின் மூடி திறப்பதைப் போலப் பின்பக்கம் தூக்கிக்கொள்கிறது. கொக்கியிலிருந்து அச்சு வரை 3 மீட்டர், பின்சுவர் வரை 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங் வாங்கிக்கொள்வதைக் கணக்கில் சேர்க்காவிட்டால், அச்சு 10 செ.மீ. உயரும்போது பின்சுவர் ஏறத்தாழ 17 செ.மீ. உயர்ந்து, மறுகணமே அத்தனையும் கீழே இறங்கும். கொக்கியிலிருந்து 1 மீட்டர் தொலைவில் இருக்கும் இழுப்பறையோ 3 செ.மீ.க்குச் சற்று அதிகமாகத்தான் உயரும். உங்கள் டம்ளர்கள் இருந்த இடம் அது. உங்கள் அலமாரி இருந்ததோ 17 செ.மீ. உயரும் பின்சுவரில்.

ஜீப்புக்குள் உங்களுக்குக் குலுக்கல் தெரியாததில் வியப்பில்லை. ஜீப்பில் ஷாக் அப்சார்பர் இருக்கிறது, மெத்தை இருக்கை இருக்கிறது. சிறிய டிரெய்லர்கள் பலவற்றில் ஸ்பிரிங் பட்டைகள் மட்டுமே உண்டு. அவையும் முழுப் பாரத்தைத் தாங்குவதற்காகக் கடினமாகப் போடப்பட்டவை. பாலக்கோடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர் டிரெய்லரையும், அதே வண்டி காலியாகத் திரும்பி வருவதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாரத்தோடு போகும்போது அமைதியாகப் போகும் வண்டி, திரும்பும்போது தடதடவென்று துள்ளிக்கொண்டு வரும். பாதிப் பாரத்தில் செல்லும் கேரவனுக்குள் நடப்பதும் அதுதான்.

ஆகவே பொருள்களை அடுக்கும் முறையை முதலில் மாற்றுங்கள். அரிசி, கருவிப்பெட்டி, பேட்டரி போன்ற கனமானவை அச்சுக்கு மேலாகவோ அதற்குச் சற்று முன்னாலோ, தரையோடு தரையாக இருக்க வேண்டும். உடையக்கூடியவை முன்பக்கத்துக்குப் போகட்டும். பின்பக்கத்தில் தலையணை, போர்வை, துணிமணி ஆகியவை தவிர வேறெதுவும் வேண்டாம். இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மீது இறங்க வேண்டும் என்பது அமெரிக்காவில் பின்பற்றப்படும் பொதுவான அளவு. 1,000 கிலோ வண்டியானால் 100 முதல் 150 கிலோ. இதைவிடக் கணிசமாகக் குறைந்தால், 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் வேகம் பிடிக்கும்போது டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். அளவுக்கு மேல் கூடினால் ஜீப்பின் பின்பக்கம் அமிழ்ந்து, முன்சக்கரங்களின் பிடிப்பு குறையும். ஜீப்பின் கொக்கி எவ்வளவு தாங்கும் என்பதையும் பார்த்துக்கொண்டு, நெடுஞ்சாலை ஓரத்து எடைமேடை ஒன்றில் முழு வண்டியையும், பிறகு கொக்கிப் பக்கத்துத் தாங்கு சக்கரத்தை மட்டும் ஏற்றியும் நிறுத்துப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, அலமாரிக்குள் இருப்பவை. என் இளமையில் கரூரில் பேருந்துக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்தபோது மூத்த ஆசாரி ஒருவரிடம் நான் கற்றுக்கொண்டது இது: வண்டிக்குள் ஒரு பொருள் உடைவது அதிர்ச்சியால் அல்ல, இடைவெளியால். ஒரு விரற்கடை இடம் கிடைத்தால் போதும். ஒவ்வொரு குழியிலும் தட்டு எழும்பி விழுந்து, தானே சுத்தியலாகிப் பக்கத்தில் இருப்பதை அடிக்கும். கிருஷ்ணகிரியிலிருந்து வெளியூருக்குப் போகும் மாம்பழம் எத்தனை நூறு கிலோமீட்டர் குலுங்கினாலும் அடிபடாமல் சேர வேண்டும் என்பதற்காகத்தான் வைக்கோலை இறுக்கித் திணிக்கிறார்கள். அதே வேலையை உங்கள் அலமாரியில் பழைய வேட்டியும் துண்டும் செய்யும். ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் துணியை விரியுங்கள். அடுக்கிய பிறகு மிஞ்சும் இடத்தை அடைத்துவிடுங்கள். கதவை மூடிவிட்டு அலமாரியைக் கையால் அசைத்துப் பாருங்கள், உள்ளே ஓசை எழக் கூடாது. பீங்கானை வீட்டில் வைத்துவிட்டு எவர்சில்வருக்கு மாறுவது இன்னும் நல்லது. நம் வீட்டு டிபன் கேரியரைவிடப் பயணத்துக்கு ஏற்ற பாத்திரத்தை நான் பார்த்ததில்லை: அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்து, மேலிருந்து ஒரு பிடி அவற்றை இறுக்கிவிடுகிறது.

காந்தத்தால் மட்டும் பிடித்து நிற்கும் அலமாரிக் கதவுகளை நம்பாதீர்கள். நாக்கு உள்ளே சென்று அமரும் தாழ்ப்பாளை ஒவ்வொன்றுக்கும் பொருத்துங்கள். தொலைக்காட்சிப் பெட்டியைச் சுவர்த் தாங்கியில் விட்டுச் செல்லாமல் கழற்றி, இரண்டு தலையணைகளுக்கு நடுவே நிமிர்த்தி வையுங்கள். குளிர்பதனப் பெட்டியைத் தரையிலும் சுவரிலும் இரண்டு இடங்களில் பட்டையால் கட்டுங்கள்.

கேள்வி: என் டிரெய்லரின் உள் மரவேலைகளில் திருகாணிகள் எத்தனை முறை இறுக்கினாலும் கழன்றுகொண்டே இருக்கின்றன. ஸ்பிரிங் வாஷர் போட்டும் பயனில்லை. – வாசகர், பாலக்கோடு.

பதில்: கழலாமல் இருந்தால்தான் வியப்பு. மண்சாலையில் அலையலையாக வரி விழுந்திருக்கும் இடங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் 60 செ.மீ. இடைவெளி இருந்து, நீங்கள் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 14 அடிகளை வாங்குகிறது. அப்படியே ஒரு மணி நேரம் சென்றால் ஐம்பதாயிரம் அடிகள். திருகாணி கழல்வது மேலும் கீழுமான அசைவைவிடப் பக்கவாட்டு வழுக்கலால்தான் அதிகம் என்பதை, ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969ஆம் ஆண்டிலேயே சோதனை செய்து காட்டியிருக்கிறார். இணைக்கப்பட்ட இரண்டு பரப்புகளும் ஒன்றன்மீது ஒன்று வழுக்கத் தொடங்கிவிட்டால், ஸ்பிரிங் வாஷரால் அதைத் தடுத்து நிறுத்த முடியாது.

எனவே வழுக்கலை நிறுத்த வேண்டும். மரத்தூள் பலகையில் ஒருமுறை கழன்ற திருகாணியை அதே துளையில் மீண்டும் இறுக்குவதில் பொருளில்லை. துளை ஏற்கெனவே பொடியாகிவிட்டது. அங்கே பலகையை முழுவதும் துளைத்துச் செல்லும் போல்ட்டைப் போட்டு, இருபுறமும் அகலமான வாஷரும், நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டும் பொருத்துங்கள். அலமாரியும் சுவரும் சேரும் மூலையில், நீளவாக்கில் அலுமினிய ஆங்கிளை வைத்து, பசையும் போல்ட்டும் சேர்த்துப் பிணைத்தால் நான்கு திருகாணிகள் சுமந்த பாரத்தை முழு மூலையும் பகிர்ந்துகொள்ளும். புதிதாகச் செய்வதானால் மரத்தூள் பலகையைத் தவிர்த்து, நீர் தாங்கும் பிளைவுட்டை வாங்குங்கள். அதிலும் பலகையின் ஓரத்தில் திருகாணி ஏற்றாதீர்கள், அடுக்குகள் பிளந்துகொள்ளும்.

மரவேலையைப் பார்க்கும்போதே மின்கம்பிகளையும் பார்த்துவிடுங்கள். கம்பி தகட்டைத் துளைத்துச் செல்லும் இடங்களில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால், இதே அதிர்வு அதன் மேலுறையை அறுத்து, தகட்டோடு தொட வைத்துவிடும். உடைந்த அலமாரியை மாற்றிக்கொள்ளலாம்; தீப்பிடித்தால் வண்டியே மிஞ்சாது.

கேள்வி: டயரில் காற்றைக் குறைத்தால் குலுக்கல் குறையும் என்கிறார்கள். வேகத்தடைகளில் எப்படிச் செல்ல வேண்டும்? – வாசகர், கிருஷ்ணகிரி.

பதில்: காற்றைக் குறைத்தால் குலுக்கல் குறைவது உண்மைதான், ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. டயரின் மீது இறங்கும் பாரத்துக்கு உரிய அழுத்தத்திலிருந்து 15 முதல் 20 சதவீதம் வரை, மண்சாலையில் மெதுவாகச் செல்லும் நேரத்துக்கு மட்டும் குறைக்கலாம். தார்ச்சாலைக்கு வந்ததும் மீண்டும் காற்றை நிரப்ப வேண்டும். குறைந்த காற்றோடு வேகமாகச் சென்றால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடாகி வெடித்துவிடும். கையோடு ஒரு காற்றடிக்கும் கருவி இல்லாதவர்கள் காற்றைக் குறைக்கவே வேண்டாம். அவர்களுக்கும் எல்லோருக்கும் பயன்படும் வழி, வேகத்தைக் குறைப்பதுதான். டிரெய்லர் சக்கரங்களை பேலன்ஸ் செய்யாமல் விடும் பழக்கமும் உண்டு. அதனால் நல்ல சாலையிலும் அதிர்வு உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும்.

வேகத்தடைக்கு, சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவு, 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கானது. ஊருக்குள் நாம் சந்திக்கும் பல தடைகள் அந்த வடிவத்தில் இல்லை. குறுகி, செங்குத்தாக நிற்கின்றன. அவற்றில் ஓட்டுநர்கள் செய்யும் பிழை ஒன்றே ஒன்று: ஜீப்பின் பின்சக்கரம் இறங்கியதும், தடையைத் தாண்டிவிட்டோம் என்று எண்ணி ஆக்சிலேட்டரை மிதிப்பது. அப்போது டிரெய்லரின் சக்கரம் தடையைத் தொடக்கூட இல்லை. முன்சக்கரம், பின்சக்கரம், டிரெய்லர் சக்கரம் என்று மூன்றையும் மனத்தில் எண்ணி, மூன்றாவது இறங்கிய பிறகே வேகத்தைக் கூட்டுங்கள்.

கேள்வி: சித்தேரிப் பக்கம் மண்சாலையில் சென்று வந்தால், சன்னல்களை எல்லாம் மூடியிருந்தும் படுக்கை முழுவதும் செம்மண் படிந்துவிடுகிறது. – வாசகர், அரூர்.

பதில்: வண்டி நகரும்போது அதன் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைகிறது, அங்கேதான் சக்கரம் கிளப்பிய புழுதியும் சுழல்கிறது. உள்ளே இருக்கும் காற்று கசிந்து வெளியேற வெளியேற, தரையிலும் பின்சுவரிலும் உள்ள சிறு இடுக்குகள் வழியாகப் புழுதி உள்ளே இழுக்கப்படுகிறது. பகல் வேளையில் உள்ளே நின்று எல்லாவற்றையும் மூடிக்கொண்டு பாருங்கள். வெளிச்சம் வரும் இடமெல்லாம் புழுதி வரும் இடம். குழாயும் கம்பியும் தரையைத் துளைக்கும் இடங்களை சிலிக்கான் பசையால் அடைத்து, கதவுகளுக்குப் புதிய ரப்பர் பீடிங் ஒட்டுங்கள். பிறகு கூரையின் முன்பகுதியில், முன்னோக்கித் திறக்கும் காற்றுத் துளை இருந்தால் அதை மட்டும் சிறிது திறந்து வையுங்கள். உயரத்தில் உள்ள தூய காற்று உள்ளே நுழைந்து அழுத்தத்தைக் கூட்டுவதால், இடுக்குகள் வழியே காற்று வெளியே போகுமே தவிரப் புழுதி உள்ளே வராது.

கேள்வி: தண்ணீர்த் தொட்டியைப் பாதி நிரப்பிச் செல்வது பாரத்துக்கு நல்லதா? எரிவாயு சிலிண்டரை எப்படி வைப்பது? பயணத்தின்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க, பையனை உள்ளே உட்கார வைக்கலாமா? – வாசகர், ஓசூர்.

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: ஒருபோதும் கூடாது. இருக்கைப் பட்டை இல்லாத அந்தப் பெட்டிக்குள் குழந்தையும் ஒரு தளர்ந்த பொருள்தான்.

பாதி நிரம்பிய தொட்டியே மோசமானது. 100 லிட்டர் தொட்டியில் 50 லிட்டர் என்றால், 50 கிலோ எடை பிரேக் போடும்போது முன்னும் வளைவில் பக்கமும் ஓடி மோதும். தொப்பூர்க் கணவாயில் சேலம் பக்கமாக இறங்கும்போது அந்த ஓட்டம் வண்டியையே தள்ளும். தொட்டி அச்சுக்கு மேலே இருந்தால் முழுவதும் நிரப்புங்கள். பின்பக்கம் இருந்தால் காலி செய்துவிட்டுப் போகும் ஊரில் நிரப்பிக்கொள்ளுங்கள். சிலிண்டர் நிமிர்ந்த நிலையில், வெளிப்பக்கம் திறக்கும் தனி அறையில், சங்கிலியால் கட்டப்பட்டிருக்க வேண்டும். எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால் அந்த அறையின் அடியில் துளை அவசியம். புறப்படும் முன் வால்வை மூடுங்கள். கரடான சாலையைக் கடந்து வந்த பிறகு, இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்த பின்பே அடுப்பைப் பற்றவையுங்கள்.

உள்ளே நடப்பதைப் பார்க்க ஒரு கைப்பேசி போதும். அதைக் காணொளியில் ஓடவிட்டு, முன்சுவரில் பின்னோக்கிப் பார்க்கும்படி இறுக்கமாகக் கட்டிவிட்டு, உங்களுக்குத் தெரிந்த மோசமான சாலையில் இரண்டு கிலோமீட்டர் சென்று வாருங்கள். காட்டுவழியில் இறங்கிப் பார்க்க இயலாது என்பதால், இதைப் பயணத்துக்கு முந்தைய நாளே செய்துவிடுங்கள். எந்தக் கதவு முதலில் திறக்கிறது, எந்தத் தட்டு முதலில் நடுங்குகிறது என்று குறித்துக்கொண்டு, அந்த இடத்திலிருந்து வேலையைத் தொடங்குங்கள்.