சனம் என்ன சொல்லும்? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்துப் போட்டால் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், சட்டை மட்டும் வேறு வேறு: மற்றவர்கள் பார்க்காவிட்டால் நான் இப்படிச் செய்திருப்பேனா? ஆகவே மாமரத்துப் பூச்சியையும் மாமியின் நித்திரையின்மையையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை எடுத்துக்கொள்கிறேன். மாமரக்காரர் கோபிக்க வேண்டாம்.

கேள்வி: மகள் பெரியபிள்ளையாகி மூன்று கிழமை. வீட்டோடு தண்ணீர் வார்த்து, நெருங்கிய ஆட்களுக்குச் சாப்பாடு கொடுத்து முடிப்போம் என்பதுதான் எனக்கும் இவருக்கும் விருப்பம். மகளுக்கு மேடை என்றாலே கூச்சம். ஆனால் மாமி "மண்டபம் எடுக்காவிட்டால் சனம் என்ன சொல்லும்" என்கிறா. கனடாவில் இருக்கும் மச்சாள் காசு அனுப்புகிறாவாம், ட்ரோன் வைத்து வீடியோ எடுக்க வேண்டுமாம். என்ன செய்வது?
– ஒரு தாய், கொக்குவில்

பதில்: முதலில் அந்தச் 'சனம்' யார் யார் என்று ஒரு கொப்பியில் பெயர் எழுதிப் பாருங்கள். பகிடிக்குச் சொல்லவில்லை. பத்துப் பதினைந்து பேருக்கு மேல் வராது, அதில் பாதிப்பேர் பெண்பிள்ளை பெற்றவர்களாக இருப்பார்கள், அவர்களும் தங்கள் வீட்டுக் குசினியில் இருந்துகொண்டு உங்கள் பெயரையும் சேர்த்துத்தான் "சனம் என்ன சொல்லும்" என்று கவலைப்பட்டுக்கொண்டிருப்பார்கள். உங்களுக்கு அவர்கள் சனம், அவர்களுக்கு நீங்கள் சனம்.

அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் டெபோரா பிரென்டிஸ், டேல் மில்லர் என்ற இரண்டு உளவியலாளர்கள் வளாகத்துக் குடிப்பழக்கத்தைப் பற்றி விசாரித்தார்கள். ஆய்வு 1993இல் வெளிவந்தது. இந்தக் குடி உனக்கு எவ்வளவு சம்மதம், சராசரி மாணவனுக்கு எவ்வளவு சம்மதம் என்று கேட்டால், எனக்குக் கொஞ்சம் மனச்சங்கடம்தான், மற்றவனுக்கு அப்படி ஒன்றும் இல்லை என்பதுதான் பொதுவான பதில். பெரும்பான்மை இப்படிச் சொன்னால் அந்தச் சங்கடமில்லாத 'மற்றவன்' எங்கே இருக்கிறான்? ஆனாலும் அவனுக்குப் பலம் இருந்தது. ஒரு தவணைக்குள்ளேயே ஆண் மாணவர்கள் பலர் அவன் பக்கம் தங்கள் எண்ணத்தை நகர்த்திக்கொண்டார்கள்.

சாமத்திய வீடும் இப்படித்தான் பெருத்தது என்பது என் எண்ணம். மற்ற வீடுகளில் நாங்கள் பார்ப்பது மண்டபத்தை, மணவறையை, ஆளுயர அல்பத்தை. அந்த வீட்டுத் தகப்பன் இரவில் விட்ட பெருமூச்சு எங்களுக்குக் கேட்பதில்லை. மனமில்லாதவரும் மண்டபம் எடுத்துவிடுவதால், எல்லாருக்கும் மனம் இருக்கிறது என்று கணக்கு விழுகிறது. சாப்பிட்டு, என்வலப் கொடுத்து, வாசலில் செருப்புத் தேடும்போது "என்னத்துக்கு இவ்வளவு செலவு" என்று மெல்லமாகக் கதைத்துக்கொண்டு போகிறவர்களை வீடியோக்காரர் எடுப்பதில்லையே.

மாமியோடு வாதாட வேண்டாம். அவ வளர்ந்த காலத்தில் நாலு பேரைக் கூப்பிட்டுச் செய்வதற்கு ஒரு தேவை இருந்தது, அது பொய்யில்லை. உங்கள் ஒழுங்கையிலேயே இதே வயதில் பிள்ளை வைத்திருக்கும் இரண்டு தாய்மாரிடம் "நாங்கள் வீட்டோடுதான் செய்யப்போகிறோம்" என்று சும்மா வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அவர்களில் ஒருவராவது "நாங்களும் அப்படித்தான் யோசித்தோம்" என்பார், அந்த ஆளை மாமியிடம் தேத்தண்ணிக்குக் கூட்டி வந்துவிடுங்கள், மீதி தானாக நடக்கும். மச்சாளின் கதை வேறு. அவவால் வந்து பக்கத்தில் நிற்க முடியவில்லை, அந்த வீடியோதான் அவவின் வருகை. தண்ணீர் வார்க்கிற நேரத்தில் போனில் நேரே காட்டுங்கள், சேலை எடுத்துக் கொடுக்கிற உரிமையை அவவுக்கே விடுங்கள். ட்ரோன் தேவைப்படாது.

மகளிடம் கேட்டீர்களா? கூச்சம் என்று நீங்களாகச் சொல்கிறீர்களா, அவள் சொன்னாளா? முதலில் கேட்க வேண்டியது அவளைத்தான். நானும் அதைக் கடைசியில்தான் எழுதுகிறேன் பாருங்கள்.

கேள்வி: உயர்தரம் படிக்கிறேன். ரியூசனில் சேர் "விளங்காத ஆட்கள் கையைத் தூக்குங்கோ" என்றால் இருநூறு பேரில் ஒருவரும் தூக்குவதில்லை. விளங்காமலே நானும் பேசாமல் இருக்கிறேன். போன கிழமை சேர் பலகையில் போட்ட விடை பிழை என்று தெரிந்தும் எல்லாரோடும் சேர்ந்து தலையாட்டினேன். நான் கோழையா?
– மாணவன், திருநெல்வேலி

பதில்: இல்லை தம்பி. நீர் ஒரு சராசரி ஆள், அவ்வளவுதான்.

சொலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் செய்து 1951இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை உண்டு. ஒரு அட்டையில் ஒரு கோடு, மற்ற அட்டையில் மூன்று கோடுகள், எது முதல் கோட்டின் நீளம் என்று சொல்ல வேண்டும். பாலர் வகுப்புப் பிள்ளையும் சரியாகச் சொல்லும். ஆனால் அறையில் இருந்த மற்ற எல்லாரும் ஆஷின் ஆட்கள். 18 சுற்றில் 12 சுற்று அவர்கள் ஒரே குரலில் பிழையான கோட்டைச் சொன்னார்கள், விஷயம் தெரியாத அந்த ஒரு மாணவன் அவர்களுக்குப் பிறகு வாய்திறக்க வேண்டும். ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு போனார்கள். அந்த 12 சுற்றுகளின் விடைகளில் சுமார் மூன்றில் ஒன்று பிழை. தனியாக விட்டால் நூறில் ஒன்றுகூடப் பிழைக்காத வேலை!

பிறகு கேட்டபோது சிலர் தங்கள் கண்ணையே சந்தேகப்பட்டதாகச் சொன்னார்கள், சிலர் பிழை என்று தெரிந்தும் தனித்து நிற்க மனம் வரவில்லை என்றார்கள். உம்முடைய தலையாட்டல் இந்த இரண்டாவது வகை. கை தூக்காமல் இருந்ததோ ஒரு கூட்டுக் களவு: மற்றவன் தூக்காததைப் பார்த்து நீர் தூக்கவில்லை, நீர் தூக்காததைப் பார்த்து அவன் தூக்கவில்லை, இருநூறு பேரும் ஒருவரை ஒருவர் விளங்கியவர் என்று நம்பிக்கொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறீர்கள்.

ஆனால் பலர் இந்தக் கதையைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஆஷ் அந்தக் கூட்டத்துக்குள் சரியான விடை சொல்லும் ஒரே ஒரு ஆளைப் பிறகு நுழைத்துப் பார்த்தார். ஒத்தூதுவது அப்படியே விழுந்துவிட்டது, முன்பு இருந்ததில் சிறு பங்குதான் மிஞ்சியது. ஆகவே வகுப்புக்குப் போக முன்னரே உம்முடைய கூட்டாளி ஒருவனோடு பேசி வைத்துக்கொள்ளும்: இன்றைக்கு சேர் கேட்டால் இரண்டு பேரும் தூக்குகிறோம். இரண்டு கை எழும்பினால் இருபது கை எழும்பும். இதை வாசிக்கிற சேர்மாருக்கும் ஒன்று: அதே பரிசோதனையில் விடையைச் சத்தமாகச் சொல்லாமல் தாளில் எழுத விட்டபோதும் பிழை வெகுவாகக் குறைந்தது. கையைத் தூக்கச் சொல்லாமல் துண்டுக் கடதாசி கொடுத்துப் பாருங்கள். என்ன வருகிறது என்று பார்க்க மனதைத் திடப்படுத்திக்கொண்டு கொடுங்கள்.

கேள்வி: 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் ஒரு நாள் நீண்ட வரிசையைக் கண்டு மோட்டார் சைக்கிளோடு போய் நின்றேன். இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் தெரிந்தது, செட் பூட்டு. பவுசர் வருகிறது என்று யாரோ சொன்னதாக யாரோ சொன்னார்களாம். மனைவி இன்றைக்கும் சிரிக்கிறா. நான் என்ன முட்டாளா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: நானும் நின்றேன் ஐயா. பெற்றோல் கிடைக்கவில்லை, முன்னால் நின்றவரின் காணிப் பிரச்சினை முழுவதும் கிடைத்தது.

1969இல் ஸ்டான்லி மில்கிராமும் கூட்டாளிகளும் நியூயோர்க் நடைபாதையில் ஆட்களை நிறுத்தி ஒரு கட்டடத்தின் ஆறாம் மாடி யன்னலை அண்ணாந்து பார்க்கச் செய்தார்கள். ஒருவர் மட்டும் பார்த்தபோது போகிற வருகிறவர்களில் 4 வீதத்தினர் நின்று பார்த்தார்கள். 15 பேர் பார்த்தபோது 40 வீதத்தினர். நிற்காமல் நடந்தபடியே தலையைத் தூக்கியவர்கள் அதைவிட எவ்வளவோ கூட. மேலே பார்க்கிறதற்கு ஒன்றும் இல்லை. அவர்களையும் முட்டாள் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் தகவல் இல்லாத நேரத்தில் மற்றவர்களின் கால்தான் தகவல். அந்த நாட்களில் வரிசையைக் கண்டு நிற்காதவர்தான் பெரும்பாலும் வெறும் தாங்கியோடு வீட்டுக்குப் போனார். எண்ணெயும் வரத் தொடங்கி, கியூஆர் பங்கீடு வந்து யாருக்கு எத்தனை லீற்றர் என்று தெரிந்தபிறகு ஒருவரும் சும்மா வரிசையில் நிற்கவில்லையே. இதை உங்கள் மனைவிக்கு வாசித்துக் காட்டுங்கள். சிரிப்பு நிற்கும் என்று உத்தரவாதம் தரமாட்டேன்.

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத்துக்குப் பக்கத்து வெறுங்காணியில் குப்பை கொட்டுகிறார்கள். "நாள்தோறும் எத்தனையோ பேர் இங்கே குப்பை கொட்டுகிறீர்கள், வெட்கமில்லையா?" என்று பெரிய பலகை வைத்தோம். குப்பை கூடிவிட்டது. வைரவர் சூலம் நடுவோம் என்கிறார் தலைவர்.
– செயலாளர், ஏழாலை

பதில்: நீங்கள் வைத்தது விளம்பரப் பலகை. "எத்தனையோ பேர் கொட்டுகிறார்கள்" என்று நீங்களே எழுதி வைத்தால், பையோடு வருகிறவருக்கு வெட்கம் வராது, துணை வரும்.

இதே பிழையைப் பெரிய இடங்களும் விட்டிருக்கின்றன. அமெரிக்காவின் அரிசோனாவில் கல்லாகிப்போன பழைய மரங்கள் கிடக்கும் ஒரு தேசியப் பூங்கா உண்டு, வருகிறவர்கள் துண்டுகளைக் களவாகக் கொண்டுபோய்விடுவார்கள். ரொபர்ட் சியால்டினியின் குழு பாதையோரம் அடையாளமிட்ட துண்டுகளைப் போட்டு, அறிவித்தல்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தது. முன்பு வந்த பலர் எடுத்துப் போனதால் பூங்காவே மாறிவிட்டது என்ற அறிவித்தல் நின்றபோது ஏறக்குறைய 8 வீதத் துண்டுகள் போயின. தயவுசெய்து எடுக்காதீர்கள் என்று மட்டும் சொன்னபோது 2 வீதத்துக்கும் குறைவு.

பலகையைக் கழற்றுங்கள், ஒரு சிரமதானம் வைத்துக் காணியை ஒரு தரம் முழுதாகத் துப்புரவாக்குங்கள், பிறகு "இங்கே குப்பை போடாதீர்கள்" என்று சிறிதாக எழுதினால் போதும். கிடக்கிற குப்பைதான் உங்கள் பலகையைவிடச் சத்தமாகக் கூப்பிடுகிறது. வைரவர் சூலம் வேலை செய்யும், சந்தேகமே இல்லை. ஆனால் நாளைக்குக் காணிக்காரர் வெளிநாட்டிலிருந்து வந்து வீடு கட்டக் கேட்டால் வைரவரை யார் எழுப்புவது? தலைவரிடமே கேளுங்கள்.

கேள்வி: ஊரோடு ஒத்தோட வேண்டும் என்கிறார்கள். ஒரு சிலரால் ஒரு ஊரையே திருப்ப முடியாதா?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: முடியும், உங்கள் ஊரே அதற்குச் சாட்சி, அது நல்லதுக்கா என்பது வேறு கேள்வி.

1931இல், வெள்ளைக்காரர் ஆட்சியில், டொனமூர் யாப்பின் கீழ் முதலாவது அரசாங்க சபைத் (அன்றைய சட்டசபை) தேர்தல், அதுவும் எல்லாருக்கும் வாக்குரிமையோடு. பூரண சுயராச்சியம் தராத யாப்பு வேண்டாம் என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்புக் கேட்டது. ஹண்டி பேரின்பநாயகம் போன்ற படித்த இளைஞர்களும் ஆசிரியர்களும்தான் அதன் முதுகெலும்பு, குடாநாட்டுச் சனத்தொகையில் ஒரு பிடி. வேட்புமனு நாள் வந்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதியிலும் ஒருவரும் மனுக் கொடுக்கவில்லை. 1934 இடைத்தேர்தல் வரை அந்த ஆசனங்கள் காலி. பருத்தித்துறையில் அப்போது வென்று போனவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம்.

அந்தப் பிடி ஆட்கள் எப்படி அசைத்தார்கள்? பிரான்சில் சேர்ஜ் மொஸ்கோவிசி 1969இல் காட்டியது இதற்குக் கிட்ட வருகிறது. ஆறு பேருள்ள குழுவில் இரண்டு பேர், நீலப் படத்தைப் பச்சை என்று ஒரு தரமும் மாறாமல் சொன்னபோது மற்றவர்களின் விடைகளில் சுமார் 8 வீதம் பச்சைக்குப் போனது, அதே இருவர் சிலநேரம் மாறிச் சொன்னபோது ஒரு வீதமளவுதான். எண்ணிக்கை குறைந்தவர்களுக்கு இருக்கிற ஒரே பலம் மாறாமல் நிற்பது. வாலிபர் காங்கிரஸ் வருடக்கணக்காக ஒரே கதையைத்தான் சொன்னது.

ஆனால் நான்கு தொகுதியிலும் தேர்தலில் நிற்க ஆசைப்பட்ட ஒரு மனிதர்கூட இல்லை என்றால் நான் நம்பமாட்டேன். சிலர் கொள்கையால் நிற்கவில்லை, சிலர் 'நான் மட்டும் போய் நின்றால்' என்ற பயத்தால் நிற்கவில்லை, வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்திருக்கும். அந்த முடிவு சரியா பிழையா என்று இன்றைக்கும் வாசிகசாலையில் சண்டை பிடிக்கலாம். நான் பிழை என்ற கட்சி.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, உங்களை ஊர் ஒன்றும் செய்யாதோ?
– வாசகி, மானிப்பாய்

பதில்: எங்கள் வீட்டுக்குக் கிடுகு வேலிதான் இருந்தது. காற்று வரும், கோழி போகும், பக்கத்து வீட்டு அக்கா பொட்டுக்குள்ளால் கறி தருவா. ஒழுங்கையில் ஒருவர் மதில் கட்டினார், பிறகு எதிர்வீடு, பிறகு மூலைவீடு. கடைசியில் எங்கள் வேலி மட்டும் பல்லு விழுந்த இடம்போல் இருந்தது. ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சத்தியமாக. நானாகவே மேசனைக் கூப்பிட்டேன், பக்கத்து மதிலைவிட அரை அடி உயர்த்தச் சொன்னதும் நான்தான். மதில் கடன் முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. அக்கா இப்போது கறி கொண்டுவருவதென்றால் ஒழுங்கையைச் சுற்றிக் கேற்றால் வர வேண்டும், அவவுக்கு முழங்கால் ஏலாது.