மாலை வகுப்பு அடுத்த ஆண்டும் நடக்க வேண்டுமே: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வறுமை மிகுந்த குடியிருப்புகளில் தன்னார்வலர்களை வைத்துப் பாடம் சொல்லிக்கொடுப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

கேள்வி: ஆண்டுத் தொடக்கத்தில் 30 பேர் ஆர்வமாக வந்தார்கள். நான்காவது மாதம் 11 பேர்தான் மிச்சம். புதிதாக ஆள் சேர்க்கட்டுமா?

முதலில் நின்றுபோன 19 பேருக்கும் போன் போடுங்கள். 'நேரமில்லை' என்றுதான் ஆரம்பிப்பார்கள். கொஞ்சம் பேச விட்டால் உண்மைக் காரணம் வரும். 'என்ன பாடம் நடத்துவது என்று தெரியவில்லை.' 'போன வாரம் பையன் வரவில்லை, சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தேன்.' 'நான் இரண்டு வாரம் வராதபோது ஏனென்று யாருமே கேட்கவில்லை.' இவை எல்லாமே உங்களால் சரிசெய்யக்கூடியவை. அதைச் செய்யாமல் புது ஆள் சேர்த்தால், அவர்களும் நான்கு மாதத்தில் போய்விடுவார்கள்.

இனிமேல் சேரும்போதே, ஒரு முழுக் கல்வியாண்டு வர முடியுமா என்று கேளுங்கள். முடியாதவர்களுக்குக் கணக்கு எழுதுவது, புத்தகம் சேகரிப்பது என்று வேறு வேலை கொடுங்கள். குழந்தையோடு உட்காரும் வேலையைக் கொடுக்க வேண்டாம். அமெரிக்க ஆய்வாளர்கள் ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் இருவரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டோ அதற்கு மேலோ ஒரே வழிகாட்டியோடு இருந்த பிள்ளைகளிடம்தான் அதிக முன்னேற்றம் தெரிந்தது. மிகச் சீக்கிரம் முறிந்துபோன உறவுகளில், பிள்ளைகள் சில விஷயங்களில் முன்பிருந்த நிலையைவிடக் கீழே போயிருந்தார்கள். வந்து பாதியில் போவது, வராமலே இருப்பதைவிட மோசமாக முடியலாம்.

கேள்வி: பை, நோட்டு, ஷூ வாங்கித் தர ஆள் கிடைக்கிறார்கள். ஒருங்கிணைப்பாளர் சம்பளத்துக்கு யாரும் தருவதில்லை. என்ன செய்வது?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. என்னை அதிகம் வருத்துவதும் இதுதான். நான் வேலை பார்த்த ஒரு மையத்தை ஒரே ஒரு நிறுவனத்தின் பணம்தான் தாங்கிக்கொண்டிருந்தது. ஒரு வருடம் அவர்கள் வேறு பணிக்கு நிதியை மாற்றினார்கள். முதலில் போனது ஒருங்கிணைப்பாளர் சம்பளம். ஆறே வாரத்தில் தன்னார்வலர்கள் கலைந்தார்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் பிள்ளைகள் சில நாள் வந்து நின்றுவிட்டுப் போனார்கள் என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்.

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட வழி இது. நன்கொடையாளரிடம் 'நிர்வாகச் செலவு' என்று சொல்லாதீர்கள். அந்த ஒருவர் வாரம் முழுக்கச் செய்வதைச் சொல்லுங்கள்: வராத குழந்தையின் வீட்டுக்குப் போகிறார், பள்ளி ஆசிரியரிடம் பேசுகிறார், யாருக்கு யார் பாடம் சொல்வது என்று பார்த்துச் சேர்க்கிறார், தயங்கும் தன்னார்வலரைத் தேற்றுகிறார். முடிந்தால் ஒரு நாள் அவரோடு கூடவே நடந்து பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், பெரிய தொகையை ஒருமுறை கேட்பதைவிட, மூன்று ஆண்டுக்கான உறுதியைக் கேளுங்கள். தொகை குறைந்தாலும் பரவாயில்லை. கூடவே, மாதாமாதம் சிறு தொகை தருகிற நூறு பேரைச் சேர்க்கத் தொடங்குங்கள். மெதுவான வேலைதான். ஆனால் நூறு பேரும் ஒரே நாளில் நிறுத்த மாட்டார்கள். பழைய தன்னார்வலர்கள் ஊர் மாறிப் போனாலும் தொடர்பை விட்டுவிடாதீர்கள். மையத்தை உள்ளிருந்து பார்த்தவர்கள் என்பதால், அதற்காக மனதாரப் பேசக்கூடியவர்கள் அவர்கள்தான்.

கேள்வி: பயிற்சி இல்லாதவர்கள் சொல்லிக்கொடுத்து உண்மையில் பலன் உண்டா?

உண்டு, ஆனால் திட்டமிட்ட ஒழுங்கு வேண்டும். 2020-ல் நிக்கோ, ஓரியோபோலஸ், குவான் ஆகிய ஆய்வாளர்கள் 96 டியூஷன் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் பலன் நன்றாகவே இருந்தது. ஆசிரியர்களும் ஓரளவு பயிற்சி பெற்ற உதவியாளர்களும் நடத்தியவற்றில் பலன் கூடுதல், தன்னார்வலர்களும் பெற்றோரும் நடத்தியவற்றில் குறைவு. அந்த இடைவெளியைக் குறைக்கத்தான் அன்றன்றைக்கான பாடத்தைத் தயாராகக் கையில் கொடுக்கச் சொல்கிறேன். வகுப்பு வாரியாகப் பிரிக்காமல், எழுத்து தெரிகிறதா, வாக்கியம் படிக்கிறாளா என்று பார்த்து நிலை வாரியாகப் பிரியுங்கள். 'பிரதம்' என்ற கல்வித் தொண்டு நிறுவனம் இந்தியாவில் நடத்திக் காட்டிய முறை இது.

கேள்வி: நிதி கேட்கும்போது பிள்ளைகளின் படங்களைப் போடலாமா?

பெற்றோரும் பிள்ளையும் புரிந்து சம்மதித்தால் மட்டும். அழுக்குச் சட்டையும் கலங்கிய கண்ணும் தெரிகிற படம் வேண்டவே வேண்டாம். படத்தில் இருக்கும் பெண் நாளை வளர்ந்து அதைப் பார்ப்பாள். அதைவிட வருகைப் பதிவையும், ஆண்டுத் தொடக்கத்திலும் முடிவிலும் எடுத்த வாசிப்பு நிலையையும் காட்டுங்கள். எண் குறைவாக வந்த ஆண்டிலும் அப்படியே காட்டுங்கள். ஏன் குறைந்தது என்று மறைக்காமல் சொன்னவர்களோடு நீண்ட நாள் நின்ற நன்கொடையாளர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: தன்னார்வலரும் குழந்தையும் தனியாக உட்காரலாமா?

மூடிய அறையில் கூடாது. எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் உட்காரட்டும். சேர்க்கும் முன் பின்னணி விசாரணை கட்டாயம், தெரிந்தவராக இருந்தாலும்.

கேள்வி: எனக்கு வேலை மாற்றம் வந்துவிட்டது. இரண்டு வருடமாக நான் பார்த்துக்கொள்ளும் பையனிடம் எப்படிச் சொல்வது?

தெரிந்தவுடன் சொல்லிவிடுங்கள், குறைந்தது நான்கு வாரம் முன்னால். காரணம் உங்கள் வேலை, அவனல்ல என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அடுத்து வருபவரை இரண்டு வகுப்புகளுக்காவது உங்களோடு உட்கார வையுங்கள். அவன் எந்தக் கணக்கில் தடுமாறுவான், எந்தப் பேச்சுக்குச் சிரிப்பான் என்று ஒரு பக்கம் எழுதி அவரிடம் கொடுங்கள். போன் பண்ணுவேன் என்று சொன்னால் பண்ணுங்கள். முடியாது என்று தோன்றினால் சொல்ல வேண்டாம்.